முப்பத்தோராம் ஆண்டும் ஒரு வெறும் கதிரையும்

போன மாசி மாதம் முழுக்க எங்கட லண்டன் டூட்டிங் வீட்டுச் சாப்பாட்டு மேசையில ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தோராம் ஆண்டு பரவிக் கிடந்தது. ஓய்வுபெற்ற தமிழ் ஆக்கள் மாதமொருக்கா லைப்ரரியில கூடுறவை. அதில என்ர மனுசன் அந்த ஆண்டைப் பற்றிப் பேசப் போறாராம். இவர் கையால எழுதுவார், நான் கொம்பியூட்டரில அடிக்கவேணும். இடைக்கிடை தேத்தண்ணியும் நான்தான்.

இலங்கையில பொம்பிளையளுக்கும் சேர்த்து எல்லாருக்கும் முதன்முதலாய் வாக்குரிமை கிடைச்ச ஆண்டு அது. யாழ்ப்பாணத்தில மட்டும் தேர்தல் நடக்கேல்லை. முழுச் சுயாட்சி தராத சபை எங்களுக்கு வேண்டாமெண்டு இளைஞர்கள் சொல்ல, யாழ்ப்பாணத்தின்ர நாலு இடத்துக்கும் ஒருத்தரும் வேட்புமனுக் கொடுக்கேல்லை. அதை எழுதேக்க இவருக்கு நெஞ்சு நிமிரும். “பாத்தீரோ, ஒருத்தன்கூட மசியேல்லை,” எண்டார்.

பெருமைப்படாமல் என்ன செய்வார். ஹவுன்ஸ்லோவில இருக்கிற சொந்த அண்ணையைப் பதினொரு வருஷமாய்ப் புறக்கணிச்சவர் எல்லோ.

எங்கட ஆக்களில கலியாணமெண்டால் வீட்டுக்கு வந்து, கார்டைக் கையில தந்து, வாயால சொல்லவேணும். அண்ணை தன்ர மகளின்ர கலியாணத்துக்குக் கார்டைத் தபாலில போட்டிட்டு, போனில சொன்னார். விமான நிலையத்தில அவருக்கு ஷிப்டுக்கு மேல ஷிப்ட், நேரில வர நேரமில்லை. “கூடப்பிறந்தவனுக்குத் தபாலில சொல்லுறதோ?” எண்டு இவர் போகேல்லை, என்னையும் விடேல்லை. நானும் வாயை மூடிக்கொண்டு இருந்தன். அதை நினைச்சால் எனக்கு என்னிலதான் இண்டைக்கும் கோபம். அதோட ரெண்டு வீட்டுக்கும் கதைபேச்சு நிண்டுது.

இப்ப எங்கட மகளுக்கு வைகாசியில கலியாணம், விம்பிள்டனில ஒரு மண்டபத்தில. அவள் சின்னனாய் இருக்கேக்க நாங்களும் ஹவுன்ஸ்லோவிலதான் இருந்தனாங்கள். நாங்கள் ரெண்டு பேரும் வேலை வேலையெண்டு திரிய, அவளைப் பள்ளிக்கூடத்தால கூட்டிவந்து, முட்டை பொரிச்சுக் குடுத்து, சைக்கிள் பழக்கினது பெரியப்பாதான். கதைபேச்சு நிண்ட பிறகும் அவள் அவரோட மெசேஜில கதைக்கிறவள், இவருக்குத் தெரியாமல். பெரியப்பா வராட்டி மணவறையில இருக்கமாட்டன் எண்டு இங்கிலிஸில சுருக்கமாய்ச் சொல்லிப்போட்டாள். பெரியப்பா எண்ட சொல்லு மட்டும் தமிழ். இவரோ, “தபாலில அனுப்புங்கோவன், அவர் செய்தமாதிரியே,” எண்டிட்டு எழும்பிப் போயிட்டார்.

ரெண்டு நாளால உரையின்ர கடைசிப் பக்கத்தை அடிச்சுக்கொண்டிருந்தன். சபையில அந்த நாலு கதிரையும் மூண்டு வருஷம் வெறுமையாய்க் கிடந்தது எண்டு இவர் எழுதியிருந்தார். எனக்குப் பத்திக்கொண்டு வந்திட்டுது.

“கதிரை வெறுமையாய்க் கிடக்க, சபை நடக்கேல்லையோ?” எண்டு கேட்டன்.

“நடந்தது.”

“பிறகு?”

“முப்பத்திநாலில இடைத்தேர்தல் வந்தது. எங்கட ஆக்களும் போய் இருந்தவை.”

“அவைக்கு ஒரு கொள்கை இருந்தது. அவையே மூண்டு வருஷத்தோட விட்டிட்டினம். உங்களிட்ட இருக்கிறது ஒரு தபால் முத்திரை. அதுக்குப் பதினொரு வருஷம் போதாதோ?”

இவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார், போட்டார், திரும்பவும் கழட்டித் துடைச்சார். நான் தேத்தண்ணி போடப் போயிட்டன். கொண்டுவந்து வைக்கேக்க, “ஞாயிற்றுக்கிழமை காலமை அண்ணைக்கு ஷிப்ட் இருக்குமோ?” எண்டு கேட்டார்.

அண்ணை வேலையால நிண்டு நாலு வருஷம். மகள் சொல்லி எனக்குத் தெரியும். இந்த மனுசனுக்கு அதுகூடத் தெரியாது. அவரைப் பாக்க எனக்குப் பாவமாய்ப் போச்சு. “இருக்காது,” எண்டு மட்டும் சொன்னன்.

ஞாயிறு காலமை தட்டில வெத்திலை பாக்கும் குங்குமமும் கார்டும் வைச்சுக் கொண்டுபோனம். பெல்லை அடிக்க அண்ணைதான் கதவைத் திறந்தார். நல்லா மெலிஞ்சுபோனார். இவர் கார்டை ரெண்டு கையாலயும் நீட்டினார்.

“அண்ணை, மகளுக்குக் கலியாணம். சொல்ல வந்தனான்.”

அண்ணை கார்டைத் திறந்து பாக்கேல்லை. நெஞ்சோட வைச்சுக்கொண்டு நிண்டார். “அவள் நான் வளர்த்த பிள்ளையடா. வராமல் விடுவனோ. உள்ளுக்கு வா,” எண்டார்.

இவர் சப்பாத்தைக் கழட்டக் குனிஞ்சார்.

“என்ர மகளின்ர கலியாணத்தண்டைக்கு முன்வரிசையில உனக்கெண்டு ஒரு கதிரை போட்டனான், தம்பி,” எண்டார் அண்ணை, மேல நிண்டபடி. “சாப்பாடு முடியுமட்டும் ஒருத்தரையும் அதில இருக்க விடேல்லை. எப்பிடியும் வந்திடுவாய் எண்டு நினைச்சன்.”

சப்பாத்துக் கயிறு எப்பவோ அவிண்டிட்டுது. இவர் கனநேரம் நிமிரேல்லை.