சலீம் பாய் யார் பக்கம்: பாகூரிலிருந்து வில்லியனூருக்கு ஒரு கால்பந்துச் சனிக்கிழமை

இல்லை, கடற்கரைக்குப் போகவில்லை. புதுச்சேரி வரை போயும் கடலைப் பார்க்காமல் திரும்பினேன். அன்று நான் போனது பாகூருக்கு. அங்கிருந்து வில்லியனூருக்கு. வழியில் வயல், ஏரிக்கரை, நடுநடுவே தமிழ்நாட்டுக்குச் சொந்தமான சில துண்டு நிலங்கள். எல்லாம் ஒரு கல்லூரிக் கால்பந்தாட்டம் பார்க்க.

தை மாதம். என்னுடன் முதுகலை படித்த கலையரசி பாகூர்க்காரி. ஒரு வியாழக்கிழமை அவளிடமிருந்து குரல்செய்தி வந்தது.

"எங்க ஏழாம் நம்பரு டிசி வாங்கிகினு வில்லியனூர் பக்கம் வேற காலேஜுக்குப் பூட்டான்டி. ஊரே எழவு வூடு மாதிரி இருக்கு. சனிக்கெழம அந்த காலேஜுக்கும் எங்களுக்கும் மேட்ச்சு. வரியா, இன்னா?"

சின்ன ஊர் மைதானங்களைத் தேடிப் போவது என் பழக்கம். இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் ஒரு மாணவன் கல்லூரி மாறியதற்கு ஓர் ஊர் வருத்தப்படுவதை நான் பார்த்ததில்லை. போனேன்.

புதுச்சேரி பேருந்து நிலையத்தில் காலை பத்தே காலுக்குப் பாகூர் வண்டி. கட்டணம் இருபத்திரண்டு ரூபாய், தூரம் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். கிருமாம்பாக்கம் வரை கடலூர் சாலையின் நெரிசல். மேற்கே திரும்பியதும் சத்தம் அடங்கிவிடுகிறது. நடத்துநரிடம் மேட்ச் பார்க்கப் போவதாகச் சொன்னேன்.

"மேட்ச்சு வில்லியனூர்லம்மா. நீ எதிர்ப்பக்கமா வந்துகினு இருக்கியே."

"ரசிகர்களோடு சேர்ந்து போகணும்."

"அப்ப சரி. அந்தப் பையன நானும் கேட்டதா சொல்லு." கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தார். "நல்லவிதமா இல்ல, சொல்லிட்டேன்."

பதினொன்றரைக்குப் பாகூர் கடைத்தெரு. கலை எனக்காக சலீம் பாய் பரோட்டாக் கடையில் காத்திருந்தாள். நான்கு மேசை. வாசலிலேயே கல். கல்லுக்குப் பின்னால் பாய், ஐம்பது வயதிருக்கும், பனியனும் கைலியும். பந்தை ஒருநாளும் காலால் தொட்டதில்லை என்பார்கள். ஆனால் கல்லூரி அணி ஆடும் நேரத்தில் கடைக்குப் பூட்டு.

இந்தக் கடையில் 'ஏழு' என்று ஓர் உணவு உண்டென்று கலை முன்பே சொல்லியிருந்தாள். ஏழாம் நம்பர் அருளின் பெயரால். இரண்டு பரோட்டா, இரண்டு முட்டை, மூன்று கரண்டி சால்னா. கொத்திக் கலந்தால் ஏழு. பயணத்தில் உள்ளூர்ச் சாப்பாட்டைக் கேட்டு வாங்குவதுதானே முறை.

"பாய், ஒரு ஏழு" என்றேன்.

கலை மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். அப்போதுதான் சுவரிலிருந்த பலகையைப் பார்த்தேன். விலைகளுக்கு நடுவே ஒரு வரியை வெள்ளை பெயின்ட் அடித்து மறைத்திருந்தார்கள்.

"ஏழு கெடயாது" என்றார் பாய், கல்லைப் பார்த்தபடியே. "பரோட்டா இருக்கு. முட்ட இருக்கு. சால்னா இருக்கு. ஏழு கெடயாது."

பக்கத்து மேசையில் வேலு. அந்தக் கல்லூரியின் பழைய மாணவன், செல்போன் பழுது பார்ப்பவன், ரசிகர் கூட்டத்துக்குத் தலைவன் மாதிரி. "அதான் எல்லாமே இருக்கே பாய். கூட்டிப் பாரு, ஏழு வரும்."

"உனுக்கு ஏழரதான் வரும். துன்னுட்டு எழுந்து போ."

சிரிப்பு. வேலுவுக்கு அந்தச் சொல் பிடித்துப்போனது என்பது அவன் முகத்தில் தெரிந்தது. ஏழு போய் ஏழரை. சனி பிடித்தது போல. அன்றைய கோஷம் அந்த மேசையில்தான் பிறந்தது. அதைப் பெற்றவர் பாய்.

அருள் ஏன் போனான்? கலை இரண்டு காரணம் சொன்னாள். அவன் கரியமாணிக்கம் கிராமத்துப் பையன். பயிற்சி முடிந்து இரண்டு பேருந்து மாறி வீடு சேரும்போது ஊர் அடங்கியிருக்கும். புதுக் கல்லூரியில் விடுதி உண்டு, பயிற்சியாளர் உண்டு. இது அவள் கணக்கு. வேலுவின் கணக்கு சின்னது. "ஒரு ஜோடி ஷூவுக்கு வெல பூட்டான்."

பாய்க்கு இரண்டும் பிடிக்கவில்லை.

"மாத்திக்கினான்னு எனுக்கு வருத்தமே இல்லம்மா" என்றார் என்னிடம், பரோட்டாவைத் தட்டிக்கொண்டே. வெளியூர்க்காரியிடம் சொல்வது எளிது போல. "படிக்கிற புள்ள, நல்லது கெடச்சா போகத்தான் செய்யும். ரெண்டு வருசம் இங்க துன்னான். போறேன்னு ஒரு வார்த்த எங்கிட்ட சொன்னானா? இந்த வேலு வந்து சொல்லி நான் தெரிஞ்சிக்கணுமா? போன் பண்றான், எடுக்கல. போன்ல எதுக்கு? மூஞ்சியப் பாத்து ஒரு கேள்வி கேக்கணும். அதோட உட்டுருவேன்."

"அப்ப மேட்ச்சுக்கு வர பாய்" என்றாள் கலை.

"நான் இன்னாத்துக்கு வரேன்? வில்லியனூர்ல மைதா வாங்கற வேல இருக்கு."

"பாகூர்ல மைதா இல்லியா?" என்றான் வேலு.

"அங்க நல்ல மைதா."

ஒன்றரை மணிக்குக் கிளம்பினோம். குட்டியானை மினி லாரியில் வேலுவும் பன்னிரண்டு பேரும் ஒரு டிரம்மும். கலையின் ஸ்கூட்டரில் நாங்கள். பாகூரிலிருந்து கரிக்கலாம்பாக்கம், ஏம்பலம் வழியாக வில்லியனூர் பதினெட்டு கிலோமீட்டர். பேருந்திலும் போகலாம், ஆனால் இந்தச் சாலைக்கு இரண்டு சக்கரம்தான் சரி. அறுவடைக் காலம். பாதிச் சாலையில் நெல் காய்கிறது, மீதிப் பாதியில் எல்லாரும் போகிறார்கள். எதிரில் அறுவடை இயந்திரம் வந்தால் நெல்லில் ஏறாமல் ஒதுங்கி நிற்க வேண்டும். ஏறினால் திட்டு வாங்குவீர்கள். நாங்கள் வாங்கினோம்.

பாய் மொபெட்டில் தனியாக வந்தார். முன்னால் ஒரு வெறும் சாக்கு. எங்களோடு வரவில்லை என்று காட்டுவதற்காக எப்போதும் நூறு அடி பின்னால். ஏம்பலத்தில் நாங்கள் தேநீருக்கு நின்றபோது அவரும் நின்றார். வேறு கடையில். நாங்கள் கிளம்பும்வரை டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார்.

எனக்கு அந்த இடைவெளி பிடித்திருந்தது. ஒருவர் தன் வருத்தத்தை எடுத்துக்கொண்டு பதினெட்டு கிலோமீட்டர் வருகிறார். யார் கண்ணிலும் படக்கூடாது. வழியும் தவறக்கூடாது.

மைதானம் வில்லியனூருக்கும் மூலக்குளத்துக்கும் நடுவில், பிரதான சாலையிலிருந்து ஐந்து நிமிடம். நுழைவுக் கட்டணம் இல்லை. படிக்கட்டும் இல்லை. ஒரு பக்கம் வேப்ப மரங்கள், மறுபக்கம் ஒன்றுமில்லை. மரத்தடி உள்ளூர்க்காரர்களுக்கு. விருந்தாளிகளுக்கு மேற்கு வெயில். தொப்பி கொண்டுபோங்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை.

மூன்றரைக்கு அணிகள் இறங்கின. அருள் ஒல்லி. அங்கும் ஏழாம் நம்பர் சட்டைதான், நிறம் மட்டும் வேறு. எங்கள் பக்கம் டிரம்மில் அடி விழுந்தது.

"ஏழர! ஏழர! ஏழர!"

அவன் திரும்பிப் பார்த்தான். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. கண் கூட்டத்தில் யாரையோ தேடியது. கடைசியில் ஓரமாக மொபெட்டின் மேல் உட்கார்ந்திருந்தவரிடம் போய் நின்றது. கையைக் கொஞ்சம் தூக்கினான்.

பாய் சாக்கை மடித்துக்கொண்டிருந்தார்.

முதல் பாதியில் கோல் இல்லை. அருளுக்கு வலது கால்தான் கால் என்று பாகூர்த் தடுப்பாட்டக்காரர்களுக்குத் தெரியும். இரண்டு வருடம் கூடவே ஆடியவர்கள். வலது பக்கத்தை அடைத்துக்கொண்டே நின்றார்கள். இடது காலுக்குப் பந்து வந்தால் அவன் தயங்குவான், திருப்பிக்கொண்டு வலதுக்கு மாற்றுவான், அதற்குள் பந்து போயிருக்கும். மூன்று முறை அப்படி. ஒவ்வொரு முறையும் எங்கள் பக்கம் டிரம். ஒவ்வொரு முறையும் பாய் மட்டும் தொடையில் ஓங்கித் தட்டிக்கொண்டார். அது மகிழ்ச்சி என்றுதான் நான் நினைத்தேன்.

இடைவேளைக்குப் பின் பத்து நிமிடம் இருக்கும். மறுபடி அதே இடம். பந்து இடது காலில், வலது அடைப்பு, கோலுக்கு முன்னால் ஒரு சந்து. அருள் தயங்கினான். மொபெட் கீழே சாய்ந்த சத்தம் கேட்டது.

"எடதுடா! மாத்தாத! எடதுல போடுறா!"

போட்டான். கம்பத்தின் உட்புறம் உரசி உள்ளே போனது.

மரத்தடியில் கூச்சல். எங்கள் பக்கம் யாரும் பந்தைப் பார்க்கவில்லை. பதிமூன்று பேரும் திரும்பிப் பாயைப் பார்த்தார்கள். அவர் இரண்டு கையும் தலைக்கு மேல் தூக்கியபடி நின்றுகொண்டிருந்தார். மெதுவாக இறக்கினார்.

"பாய்" என்றான் வேலு. "நீ எந்த ஊருபா?"

"வாயில வந்துட்டுதுபா. ரெண்டு வருசமா கத்தின வாயி."

"அவுங்களுக்குக் கோச்சே நீதான் போல."

"பாய் ஒண்ணு, பாகூரு ஜீரோ" என்றாள் கலை. முதலில் அவள்தான் சிரித்தாள். பிறகு டிரம் அடிப்பவன். வேலு கடைசிவரை சிரிக்காமல் இருக்கப் பார்த்தான். முடியவில்லை. பாய் கீழே கிடந்த மொபெட்டை நிமிர்த்தி, கண்ணாடி உடையவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி நேரத்தில் பாகூர் ஒரு மூலை உதையில் தலையால் முட்டி ஒன்று போட்டது. ஒன்றுக்கு ஒன்று. இரண்டு பக்கமும் வென்றது போலவே கத்தினார்கள்.

இப்படிப்பட்ட ஆட்டங்களுக்குப் போனால் முடிந்ததும் ஓடிவிடாதீர்கள். கூட்டம் கலைய அரை மணி நேரம் பிடிக்கும். பார்க்க வேண்டியது அதற்குள் இருக்கும்.

அருள் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலில் மைதானத்தைக் கடந்து வந்தான். நேராகப் பாயிடம். நாங்கள் நகரவில்லை. நகர்ந்திருக்கலாம்.

"பாய்."

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

அவ்வளவுதான். ஒரே கேள்வி, சொன்னபடி.

அருள் புரியாமல் பார்த்தான். "சொன்னேனே பாய். டிசி வாங்கின அன்னிக்கி சாயங்காலம் கடைக்கு வந்தேன். ரொம்ப நேரம் நின்னுகினு இருந்தேன். நீங்க கல்லுல இருந்தீங்க, ஒரே கூட்டம். போயிட்டு வரேன் பாய்னு சொன்னேன்."

"அது தெனம் சொல்றதுதானேடா!"

"நீங்களும் போயிட்டு வான்னு சொன்னீங்க."

"அதுவும் தெனம் சொல்றதுதான்டா! போறதுன்னா போறேன்னு சொல்லணும்."

"போறேன்னு யாராச்சும் சொல்லுவாங்களா பாய்?"

பாய் வேலுவைப் பார்த்தார். வேலு கலையைப் பார்த்தான். போறேன் என்று சொல்லிவிட்டு எந்த வீட்டிலிருந்தும் யாரும் கிளம்புவதில்லை. சொன்னால் வாயிலேயே அடிப்பார்கள். பாயின் வீட்டிலும் அடிப்பார்கள்.

"சொல்ல மாட்டாங்கதான்" என்றான் வேலு, தனக்குத்தானே.

"எங்கிட்ட கேட்டுட்டுதான் போனன்னு சொல்ற" என்றார் பாய்.

"ஆமா பாய். நீங்க வான்னு சொன்னதாலதான் போனேன். போனு ஏன் எடுக்கலன்னுதான் எனுக்குப் புரியல."

பாய் வேப்ப மரங்களைப் பார்த்தார். அந்தச் சாயங்காலத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறார் போல. கல், புகை, கூட்டம், ஒரு பையன் நிற்கிறான், நகரவே மாட்டேன் என்கிறான். பிறகு கேட்டார்.

"அங்க சாப்பாடு எப்டி?"

"காலைல முட்ட தராங்க. ராத்திரி சப்பாத்தி."

"தொட்டுக்க?"

"சாம்பார் பாய்."

"சப்பாத்திக்கு சாம்பாரா?" பாயின் முகத்தில் அன்று நான் பார்த்த ஒரே துக்கம் அதுதான். "வண்டில ஏறு. சட்டைய மாத்திகினு ஏறு, எவன் கண்ணுலயும் படாத."

"எங்க ஏத்தற பாய்? எதிரி டீமு அது" என்றான் வேலு.

"துன்ன வெச்சி ஆஸ்டல்ல உட்டுட்டு வரேன். நீ வரதுன்னா வா, வராட்டி டிரம்ம எடுத்துகினு வூட்டுக்குப் போ."

வேலு வந்தான். எல்லாரும் வந்தார்கள். வில்லியனூரில் ஒரு கடையில் பதினேழு பேர் உட்கார்ந்து சாப்பிட்டோம். அந்தக் கடைக்காரரின் சால்னாவைப் பாய் கடைசிவரை குறை சொல்லிக்கொண்டிருந்தார். அருளை அடுத்திருந்தவர்கள் ஷூவை வாங்கிக் கைமாற்றி, அடியில் அழுத்தி, மடக்கிப் பார்த்தார்கள். மோசமில்லை என்று முடிவானது. இடது காலால் இன்னும் கொஞ்சம் தாழ்வாகப் போட வேண்டும் என்பதிலும் ஒத்த கருத்து. அடுத்த ஆட்டத்தில் அவன் தங்களுக்கு எதிராகத்தான் அப்படிப் போடுவான் என்பதை ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. யோசித்திருக்கலாம். சொல்லவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஒரு நாள் போதும். காலையில் பாகூர், ஏரிக்கரையில் ஒரு மணி நேரம், பகல் சாப்பாடு, மாலையில் வில்லியனூர். பேருந்து, தேநீர், சாப்பாடு, கலையின் ஸ்கூட்டருக்கு நான் போட்ட பெட்ரோல் எல்லாம் சேர்த்து எனக்கு முந்நூற்று நாற்பது ரூபாய். ஆட்டம் எப்போது என்று எங்கும் எழுதி ஒட்டியிருக்காது. பேருந்து நடத்துநரைக் கேளுங்கள். எந்தப் பக்கம் என்று உங்களையும் கேட்பார்கள். ஒரு பக்கத்தைச் சொல்லிவிடுவது நல்லது.

சாப்பிட்ட இடத்திலிருந்து பேருந்து நிறுத்தம் நடக்கிற தூரம்தான். ஆறரைக்கு வண்டி வந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அம்மாவுக்குப் போன் செய்து, வில்லியனூரிலிருந்து கிளம்பிவிட்டேன் என்று சொன்னேன்.