எண்ணூர் முகத்துவாரத்தில் வளைந்த அலை

போன சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குத் திருவொற்றியூரில் நான் பேச வேண்டியிருந்தது. தலைப்பு ஈர்ப்பு வில்லை, அதாவது கனமான ஒன்று தன் ஈர்ப்பால் வெளிச்சத்தை லென்ஸ் மாதிரி வளைப்பது. ஐந்து வருஷமாக என் ஆராய்ச்சியே அதுதான். ராயபுரத்தில் யாராவது "உன் பொண்ணு இன்னா படிக்குது?" என்று கேட்டால் அம்மா "ஏதோ நட்சத்திரம்" என்று மழுப்பிவிடுவாள். முந்தின தடவை நான் பேசியபோது முன்வரிசையிலேயே தூங்கினாள். இந்தத் தடவையும் வருகிறாள். பெற்ற தாய்க்குப் புரியவைக்க முடியாத படிப்பு என்ன படிப்பு? மண்டை காய்ந்துபோய்க் காலையிலேயே கடலைப் பார்க்கக் கிளம்பிவிட்டேன்.

ராயபுரத்தில் 5.50 லோக்கல், டிக்கெட் ஐந்து ரூபாய், எண்ணூருக்கு அரை மணி நேரம். அங்கிருந்து முகத்துவாரத்துக்கு ஷேர் ஆட்டோ இருபது ரூபாய். மணலி ஆலைகள் பக்கத்துக் காற்று அடித்தால் மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள். ஃபைபர் போட் வைத்திருக்கும் தாஸ், அரை மணி நேரத்துக்கு இருநூறு என்றார். ஏறினேன்.

கொஞ்ச தூரத்தில் ஓர் இடத்தில் மட்டும் அலை குவிந்து எழும்பியது. "அதுக்கு அடியிலதானே மணல் மேடு?" என்று கெத்தாகக் கேட்டேன்.

தாஸ் சிரித்துவிட்டார். "இல்லக்கா, மேடு அதுக்கு முன்னால கீது. கண்ணுக்குத் தெரியாது. மேட்டு மேல அலை மெதுவாப் போவும், ரெண்டு பக்கமும் வளைஞ்சு வந்து பின்னால ஒண்ணா சேந்து எகிறும். எகிர்ற இடத்தை வச்சுதான் மேடு எங்க கீதுன்னு பாத்துகினு போட்டை வுடுவோம்."

அட! எழுந்தே நின்றுவிட்டேன்.

"உக்காருக்கா, பேஜாராப் பூடும்!"

எப்படி உட்காருவது? அலைதான் தூரத்து நட்சத்திரத்தின் வெளிச்சம். நம் பால்வெளியைச் சூழ்ந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளுக்குள் கனத்த இருட்டு உருண்டைகள் திரிந்தால், அவைதான் மேடு. ஒன்று குறுக்கே போனால் வெளிச்சம் வளைந்து நம்மிடம் குவியும். நட்சத்திரம் சில நாள் பிரகாசித்துப் பழையபடி அடங்கும். ஐந்து வருஷம் இதோடு குடித்தனம் நடத்திவிட்டு, குவிந்த இடத்தையே மேடு என்று காட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

சாயங்காலம் ஸ்லைடுகளை மூடிவிட்டுப் பலகையில் முகத்துவாரத்தை வரைந்தேன். அம்மா தூங்கவில்லை.

போகிறவர்கள் காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள். லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்குங்கள், மழைக்காலத்தில் வேண்டாம். முக்கியமாக, போட்டில் எழுந்து நிற்காதீர்கள்.

மறுநாள் தண்ணி லாரி வரிசையில் பக்கத்து வீட்டு அக்கா அம்மாவிடம் அதே "இன்னா படிக்குது?" கேள்வியைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா குடத்தை இறக்கி வைத்தாள்.

"இருட்டுல ஒண்ணு போவுதாம்மே, கண்ணுக்குத் தெரியாதாம். அது குறுக்க வந்தா பின்னால கீற நட்சத்திரம் பளிச்சுன்னு எகிறி அடங்குமாம். அதை வச்சே எம்பொண்ணு ஆளைப் புடிச்சிடுவா."