பிளாட்டினம் இல்லாத கரும்பூச்சு

ஆய்வகத்தில் அவளுக்குக் குமிழி அக்கா என்றுதான் பெயர். ஒன்பது வருடமாகத் தற்காலிக உதவியாளர். அந்த நிறுவனத்தில் தற்காலிகம் என்றால் அதுதான் அர்த்தம். கண்ணாடிக் கலத்தில் இருக்கும் அமிலத் தண்ணீருக்குள் மின்சாரத்தை விட்டு, குமிழி குமிழியாக வரும் ஹைட்ரஜனை அளந்து குறித்து வைப்பது அவள் வேலை.

துறைத் தலைவர் மகா புத்திசாலி. அதை அவரே அடிக்கடி சொல்லுவார். குட்டைச் சேற்றில் வாழும் ஒரு நுண்ணுயிர், வெறும் இரும்பையும் நிக்கலையும் வைத்துக்கொண்டே ஹைட்ரஜன் தயாரிக்கிறதாம். தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைச் சுலபமாகப் பிரிக்க வழக்கமாகப் பிளாட்டினம்தான் வேண்டும்; அந்த வேலையைச் செய்ய, நுண்ணுயிரைப் பார்த்து அவர் ஒரு கரும்பூச்சு கண்டுபிடித்தார். கொள்ளை விலை விற்கும் பிளாட்டினம் இனி எதற்கு, உலகத்துக்கே சுத்தமான எரிபொருள் தருகிறேன் என்று மேடை மேடையாக முழங்கினார். பூச்சும் அவர் மானத்தைக் காப்பாற்றியது. எந்தப் பொருளும் உழைக்க உழைக்கத் தேயும். இது மட்டும் நாளாக நாளாகத் தேறிக்கொண்டே போனது. தலைவருக்கு அதில் சந்தேகமே வரவில்லை. பாவம், கைதட்டல் வாங்கவே அவருக்கு நேரம் போதவில்லை.

சந்தேகம் வந்தது அக்காவுக்கு. கலத்தின் ஒரு முனையில் தலைவரின் பூச்சு. மின்சாரம் சுற்றி வருவதற்காக எதிர்முனையில் ஒரு பிளாட்டினம் கம்பி. அதைக் கழுவும்போது இளைத்திருப்பது போலப் பட்டது. எடை போட்டாள், இளைத்துத்தான் இருந்தது. அட கண்றாவியே! கம்பி கொஞ்சம் கொஞ்சமாக அமிலத்தில் கரைந்து, பூச்சின் மேல் போய் ஒட்டிக்கொண்டு, எல்லா வேலையையும் அதுவே பார்த்திருக்கிறது. புதுப் பூச்சு எடுத்து, கம்பிக்குப் பதில் கார்பன் குச்சியை மாட்டிப் பார்த்தாள். ஒன்றிரண்டு குமிழி வந்தது, அதுவும் வேண்டா வெறுப்பாக.

தலைவரிடம் போய்ச் சொன்னாள்.

"நாளைக்கு ஆய்வுக் குழு வருது. பேசாம பழைய கம்பியையே மாட்டுங்க," என்றார் அவர். "உங்களை நிரந்தரம் பண்ற காகிதம் என் மேசைமேலதான் இருக்கு. ஞாபகம் இருக்கட்டும்."

மறுநாள் காலை அவள் புதுப் பூச்சோடு கார்பன் குச்சியைத்தான் மாட்டினாள். குழுவினர் கலத்தைச் சுற்றி நின்றார்கள். கலம் வாயே திறக்கவில்லை. குழுவின் தலைவி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி குனிந்து பார்த்தார்.

"எதுக்குக் கம்பியை மாத்தினீங்க?"

அக்கா எடைக் குறிப்பைக் காட்டி, நடந்ததை விளக்கினாள்.

துறைத் தலைவரைச் சும்மா சொல்லக்கூடாது. கண்ணிமைக்கும் நேரத்தில் யோக்கியராகிவிட்டார். "நான்தான் மேடம் மாத்தச் சொன்னேன். நமக்கு உண்மைதானே முக்கியம்?"

அந்த அம்மாள் அக்காவின் பக்கம் திரும்பினார். "அப்படியாம்மா?"

தலையை ஆட்டினால் போதும், வேலை நிரந்தரம்.

"இல்லைங்க மேடம். பழைய கம்பியையே மாட்டச் சொன்னார்."

திட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். தலைவர் அசரவில்லை, கார்பன் குச்சியின் அருமை பற்றி இப்போது மேடைகளில் பேசி வருகிறார். அக்காவின் ஒப்பந்தம்தான் மாதக் கடைசியோடு முடிந்துபோனது.

"ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன குறைஞ்சா போயிருப்ப?" என்றார் பஸ் ஓட்டுநரான கணவர்.

"வேலை இருந்திருக்கும். அப்புறம் நான் அளந்து சொல்றதை யாருங்க நம்புவாங்க? நானே நம்ப மாட்டேனே!" என்று சீறியவள், அதற்குமேல் தாங்காமல் ஓவென்று அழுதாள். ஒன்பது வருடம், சும்மாவா?