நண்டு விற்பவளிடம் மட்டும் பேசிய கணவர்

நாங்கள் பசியாவரம் மீனவக் குடும்பம். மனச்சோர்வால் வெகுநாளாக யாரிடமும் பேசாமல் இருந்த என் கணவர், பொன்னேரியில் மனநலப் பயிற்சி வகுப்புக்குப் போக ஆரம்பித்தார். அதன் பிறகும் வீட்டில் மௌனம்தான். ஆனால் பழவேற்காடு மார்க்கெட்டில் நண்டு விற்கும் பெண்ணிடம் அவர் சிரித்துப் பேசுவதைப் பார்த்துவிட்டேன். வயிறு எரிந்தது. மறுநாளும் அதே சிரிப்பு. பொறுக்க முடியாமல் இறால் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவள் முன்னால் போய் நின்றேன்.

"என் வூட்டுக்காரரோட தினம் இன்னா பேச்சு உனுக்கு?"

அவள் பயந்துபோனாள். "இன்னிக்கு நண்டு எப்டி கீதுனு கேப்பாரு, சிரிப்பாரு, போயிடுவாரு. அவ்ளோதான்க்கா."

பக்கத்தில் நின்ற கணவர் தலைகுனிந்தபடி சொன்னார்: "தினம் யார்கிட்டயாவது ரெண்டு வார்த்தை பேசிப் பழகுனு கிளாஸ்ல சொன்னாங்க. உன்னாண்ட பேசத்தான் பயமா கீது. நான் ஆரம்பிச்சா நீயே முடிச்சிடுற."

அத்தனை பேர் முன்னால் எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது நானும் அவருடன் வகுப்புக்குப் போகிறேன். அவர் வாய் திறந்தால் முடிக்கும்வரை காத்திருக்கிறேன். அந்தப் பெண்ணிடம் அவர் பேசும்போது எனக்கு இன்னும் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது. ஆனாலும் தள்ளி நின்றுகொள்கிறேன். நேற்று, குழம்பில் உப்பு அதிகம் என்று அவராகவே என்னிடம் சொன்னார். எனக்குக் கோபமே வரவில்லை.

- ஒரு வாசகி, பசியாவரம்