வெளியே நிற்கிற ஆள்

எங்கள் கம்பெனியின் சரித்திரத்தை, வெகுநாளாக எங்களோடு வேலை செய்யும் ரெமிஜியஸின் சட்டையை வைத்தே சொல்லிவிடலாம். அரிசி ஆலைகளுக்கு நெல் அவிக்கும் தொட்டியும் நீராவிக் குழாயும் செய்து மாட்டித் தருவது எங்கள் தொழில். வெறும் தஞ்சாவூர்ப் பட்டறையாக இருந்தபோது காக்கிச் சட்டை. பாய்லர் செய்கிற திருச்சிக் கம்பெனியோடு சேர்ந்ததும் நீலம். போன வருடம் சென்னைக்காரர்கள் எங்களை மொத்தமாக விழுங்கியதும் சாம்பல் நிறம். சட்டை மாறும்போதெல்லாம் நாலைந்து பேரை வீட்டுக்கு அனுப்புவார்கள். ஸ்டோரில் உட்கார்ந்திருக்கும் எனக்கே பயமாக இருக்கும். ரெமிஜியஸைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பல்லி கத்தினால்கூட மாதாவைக் கூப்பிடுகிற பயந்தாங்கொள்ளி.

இந்த முறை அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. தொட்டிக்குள் ஒட்டியிருக்கும் நெல்லைச் சுரண்ட ஒருவர் இறங்கினால், வெளியே இன்னொருவர் காவலுக்கு நிற்பது பட்டறைக் காலத்து வழக்கம். எங்களிடம் வெளியே நிற்கிற ஆள் ரெமிஜியஸ். சும்மா நிற்பதற்குச் சம்பளமா என்று சென்னையில் கேட்டார்கள். இறங்குகிறவரே நீராவி வால்வை மூடிப் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டால் போதும் என்று புது முறை வந்தது. "இந்த மாசம் வரைக்கும் பாக்கலாம்" என்றார் புது மேனேஜர் ஹரிஹரசுப்ரமணியன். ஐம்பது தாண்டியவருக்கு வேறு யார் வேலை தருவார்கள்? மனுஷன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனார்.

அந்த வாரம் ஒரத்தநாடு பக்கம் ஓர் ஆலையில் வேலை. இறங்கியவன் அதிராம்பட்டினத்து ஷஹ்பாஸ். எங்கள் ஃபிட்டர்களில் துணிச்சல்காரன்.

"வால்வைப் பூட்டிட்டேண்ணே. நிழல்ல போய் உக்காருங்க. நீங்க பயந்து என்னையும் பயமுறுத்தாதீங்க" என்று சிரித்துக்கொண்டே இறங்கினான்.

ரெமிஜியஸ் போகவில்லை. வால்வுக்கும் தொட்டிக்கும் நடுவே குழாயில் கையை வைத்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் குழாய் சுட்டது.

எங்கள் பட்டறை வால்வில் கைப்பிடி குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. திருச்சி வால்வில் குறுக்கே நின்றால் திறந்திருக்கிறது. கம்பெனிகள் சேர்ந்தபோது சாமான்களும் கலந்துவிட்டன. அங்கே இருந்தது திருச்சி வால்வு; பட்டறை வால்வென்று நினைத்து ஷஹ்பாஸ் திறந்த வால்வைப் பூட்டியிருந்தான். அப்போது ஆறிக் கிடந்த பாய்லரில், அடுத்த நெல்லுக்காக ஆலைக்காரர்கள் உமி போட்டுத் தீ மூட்டிவிட்டார்கள். சாவியோ ஷஹ்பாஸின் பையில்.

"ஷஹ்பாஸு, ஏறு! ஆவி வருது, ஏறுடா!"

"என்னண்ணே, பல்லியா?" என்றவன் அப்புறம்தான் சீறலைக் கேட்டான். ஏணியில் பாதி வந்தவனைச் சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டார் ரெமிஜியஸ். அவன் கணுக்கால் வெந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆளே வெந்திருப்பான்.

திங்கட்கிழமை எல்லோரையும் மேனேஜர் கூப்பிட்டார். "வால்வுக்கெல்லாம் பெயின்ட் அடிச்சு அடையாளம் போட்டுடலாம். ஆள் குறைக்கிறதுல மாத்தமில்ல. மேல கேட்டா நான் என்ன பதில் சொல்றது?" அவருக்கு மேலே இருப்பவர்களிடம் அவருக்குப் பயம். ரெமிஜியஸ் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

காலில் கட்டோடு ஷஹ்பாஸ் எழுந்தான்.

"எனக்குப் பயமா இருக்கு சார்."

யாரும் சிரிக்கவில்லை.

"அண்ணன் வெளிய நிக்கலன்னா நான் இறங்கமாட்டேன். வேணும்னா என்னையும் சேத்து அனுப்பிடுங்க."

"நானும் இறங்கமாட்டேன் சார்" என்றது இன்னொரு குரல். பிறகு மற்ற ஃபிட்டர்களும் சொன்னார்கள். மேனேஜர் சென்னைக்குப் போன் போட வெளியே போனார்.

இப்போதும் இரண்டு பேராகத்தான் போகிறார்கள். ரெமிஜியஸின் வேலை நிலைத்தது. பயம்தான் கூடிவிட்டது. முன்பு வேலைக்காகப் பயந்தவர், இப்போது உள்ளே சுரண்டும் சத்தம் கொஞ்சம் நின்றாலே "ஷஹ்பாஸு!" என்று அலறுகிறார்.

"இருக்கேண்ணே" என்று உள்ளிருந்து உடனே பதில் வருகிறது. அவர் கூப்பிடத் தாமதித்தால், "அண்ணே, நிக்கிறீங்கல்ல?" என்று அவன் கேட்கிறான்.