கூரைக்குள் அடித்த மருந்து

பூ வளர்க்கும் தொழிலுக்கு முதல் முதலீடு பொறுமை. கான்வென்ட்டில் எனக்கு வராமலே போன ஒரே பாடம் அதுதான். கணவரின் குவைத் சம்பாத்தியத்தைப் பாலித்தீன் கூரைக்கடியில் போட்டுவிட்டு விழிக்கும் சகோதரிகளுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் நாள்

புத்தூர் பக்கத்தில் எங்கள் பசுமைக்குடிலில் ஜெர்பெராப் பூச்செடிகளுக்கு வெள்ளை ஈ வந்தது, மருந்து அடித்தோம். மூன்றாம் நாள் பூப்பறிக்கும் செல்வி, ஆறு மாதக் குழந்தைக்கு உள்ளேயே இரும்புக் குழாயில் தூளி கட்டிவிட்டாள். நாற்றம் போய்விட்டதாம், மிளகாய்த் தோட்டத்தில் மூன்றாம் நாள் இறங்குவார்களாம். வெளியில் வெயில் மருந்தைச் சிதைக்கும், மழை கழுவும். இங்கே வெயிலின் காரத்தைக் கூரை வடிகட்டிவிடும், மழைக்கு வழியே இல்லை, நாற்றம் போனாலும் விஷம் இலையிலேயே கிடக்கும் என்று கத்தினேன். அவள் தூளியை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள்: "வெளியே வெயிலு, உள்ளே மருந்து. புள்ளைய எங்கம்மா போட்டுக்கினு நான் வேலை செய்யறது?"

ஜாம் பாட்டில்

மருந்து டப்பாவில் போட்டிருந்த நாள்கணக்கு திறந்தவெளி வயலுக்கு. ஆகவே காலி ஜாம் பாட்டிலில் தினம் ஓர் இலையும் நாலு வீட்டு ஈயும் போட்டு, மூடியில் ஓட்டை குத்தி வைத்தேன். மூன்றாம் நாள் இலை, மாலைக்குள் நாலும் காலி. ஆறாம் நாள் இலையில் மல்லாந்து உதறின. ஈ பிழைத்தால் குழந்தைக்கு ஆகும் என்று சொல்ல நான் முட்டாளில்லை. ஈயே செத்தால் ஆகாது, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை போனில் இதைச் சொன்னதும் கணவர் கேட்டார்: "நான் இங்க வெயில்ல வேகறேன், நீ அங்க ஈ வளக்கறியா?"

திருப்பதிக் கல்யாணம்

அன்றைக்கே திருப்பதியிலிருந்து மேடை அலங்காரக்காரர் வந்தார். மறுநாள் முகூர்த்தம், ஐந்நூறு பூ வேண்டும். மணப்பெண் பூவைத் தின்னப்போவதில்லை, நிஜம்தான். ஆனால் பறிக்கிறவள் அதே கையோடு குழந்தையைத் தூக்குவாளே. குடிலைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அவர் வண்டியைத் திருப்பியபடி சொன்னது: "ஈயக் கேட்டு முகூர்த்தம் வெக்கறது உங்க ஊட்லதாம்மா."

கார் ஷெட்

இனி மருந்து அடித்தாலும் அடிக்காவிட்டாலும் குழந்தை குடிலுக்குள் வராது என்று முடிவெடுத்தேன். கார் ஷெட்டைக் காலிசெய்து தூளி கட்டினோம். குடில் திறக்கும்வரை செல்விக்கு அங்கேயே நாற்றுப்பை நிரப்பும் வேலை. லீவில் வந்த கணவர், புதுக் கார் வெயிலில் நிற்பதைப் பார்த்து அவளிடம் எகிறியிருக்கிறார். நான் விசாரித்தபோது சொன்னாள்: "பெயிண்டு பூடும்னு சத்தம் போட்டுக்கினு இருந்தாரும்மா. புள்ள தூங்குது, மெள்ளப் பேசுங்கன்னேன்."

பூ விற்க வந்த எனக்குத் திருப்பதி வரை கிடைத்திருக்கும் நற்பெயர், 'பூ இருந்தும் தரமாட்டாங்க அந்தம்மா' என்பதுதான்.