எங்கள் ரந்தா மெஷின்

ரந்தா மெஷின் என்பது மரத்தை இழைக்கும் மின்கருவி. கையால் பிடித்துத் தள்ள வேண்டும். அதை நானும் அண்ணனும் ஆளுக்குப் பாதி போட்டு வாங்கினோம். அண்ணன் உடன்பிறந்தவர் இல்லை. விழுப்புரம் பக்கத்து ஆசாரி, என்னைவிட நான்கு வயது மூத்தவர். நான் ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவன். திருப்பூர், பெல்காம், சூரத் என்று எங்கேயும் ஒரு வருடம் முழுதாக இருந்ததில்லை. புனேயில் ஆறு வருடம் இருந்ததற்குக் காரணம் அவர்தான்.

போன மழைக்காலத்தில் அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. மரத்தூள் நுரையீரலைக் கெடுத்துவிட்டது, இனி அந்த வேலைக்கே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். புனேயிலேயே சாங்வியில் இருந்த தன் தங்கை வீட்டில் போய்ப் படுத்தார். நான் தனியாக வேலைக்குப் போனேன்.

கடக்வாஸ்லா பக்கம் ஒரு வீட்டுக்குக் கதவு வேலை. பிளக் தொலைவில் இருந்தது. இரண்டு பேராக இருந்தபோது கனமான வயர்ச் சுருளை அவர் தூக்குவார், மெஷினை நான் தூக்குவேன். பஸ்ஸில் இரண்டையும் என்னால் கொண்டுபோக முடியவில்லை. மெல்லிய வயரை எடுத்துப் போனேன். அவ்வளவு நீளத்துக்கு மெல்லிய வயர் போட்டால் மோட்டார் சூடாகும் என்று தெரிந்தேதான் செய்தேன். மூன்றாவது கதவில் புகை வந்தது.

கசார்வாடியில் ரிப்பேர் கடைக்காரர் பிரித்துப் பார்த்தார்.

"மிஸ்திரி, இதுக்கு மாலை போட்டுடுங்க," என்றார் இந்தியில். "மோட்டார்ல காயில் மறுபடி சுத்திக் கட்டித் தரலாம். ஆனா உள்ளே எல்லாமே தேய்ஞ்சு கிடக்கு. ரெண்டு மாசம் ஓடினா அதிகம். புதுசு வாங்குங்க."

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. ஆனால் பாதி அண்ணனுடையது. மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு சாங்விக்குப் போனேன்.

அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, அதை மடியில் வாங்கி வைத்துக்கொண்டார்.

"மெல்லிசு வயரா போட்ட?"

"ஆமாண்ணே."

"தூக்கறதுக்குச் சோம்பேறித்தனம்."

"நீங்க வந்திருந்தா நீங்க தூக்கியிருப்பீங்க."

சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, அடங்க நேரமானது. தங்கை தண்ணீரோடு வந்தார்.

"இவர சிரிக்க வெக்காதீங்கண்ணா. அப்புறம் நான்தான் முதுகு தேய்க்கணும்."

"கடைக்காரர் புதுசு வாங்கச் சொல்றார்ணே," என்றேன்.

அண்ணன் மெஷினின் கைப்பிடியைத் தடவினார்.

"புதுசு வாங்கினா அது உன் மெஷினுடா. இது நம்ம மெஷினு. கட்டிக் குடுக்கச் சொல்லு. பனி போனதும் நான் வந்துடுவேன்."

டாக்டர் சொன்னது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தங்கை உள்ளே போய்விட்டார். சரிண்ணே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

காயில் கட்டி வாங்கினேன். மூன்று வாரம் ஓடியது. ஒரு காலையில் சுவிட்சை அழுத்தியதும் உள்ளே ஏதோ உடைந்து நின்றுவிட்டது. வீட்டுக்காரர் தினமும் கதவைக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று நான் சாங்விக்குப் போகவில்லை. கேட்டால் மறுபடியும் ரிப்பேர் என்றுதான் அண்ணன் சொல்வார். அதைக் கேட்டுக்கொண்டு எதிரில் நிற்க என்னால் ஆகாது. நேராகக் கடைக்குப் போய்ப் புதுசு வாங்கிவிட்டேன்.

அண்ணன் மத்தியானத்தில் போன் செய்வார்.

"மெஷின் ஓடுதா?"

"ஓடுதுண்ணே."

பத்து நாள் இப்படியே போனது. ஒரு நாள், "போடு, சத்தம் கேக்கலாம்," என்றார். கரண்ட் இல்லை என்று சொல்லியிருக்கலாம். எந்த இரண்டு மெஷினும் ஒரே மாதிரி கத்தாது என்பது எங்கள் தொழிலில் இருப்பவனுக்குத் தெரியும். ஏனோ போனைப் பலகைமேல் வைத்துவிட்டு, ஒரு தேக்குச் சட்டத்தை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இழைத்தேன்.

போனை எடுத்தபோது அவர் மூச்சு மட்டும் கேட்டது.

"நல்லா ஓடுது," என்றார் பிறகு. "புதுசில கொஞ்சம் இழுக்கும். அழுத்தாம தள்ளு. கை பத்திரம்."

அவர் வைத்துவிட்டார்.

அதன்பிறகும் போன் செய்தார். சாப்பிட்டாயா என்பார், ஊரில் மழை உண்டா என்பார். மெஷினைப் பற்றி மட்டும் கேட்கவில்லை.